வாகைக் கவட்டையில் குடைந்த ஜாடி

அந்த மூலை எனக்கு வேண்டும் என்று கேட்டபோது என் மாமனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டாவது வண்டி ஊருக்கு வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு முழுசா முடிச்சுக் காட்டு சாமி. காட்டுனா அந்த மூல உனக்கு. இல்லீன்னா கம்ப்ரசர அங்க எறக்கிக்கறோம்" என்றார். நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வரும். திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

எங்கள் வீடு ரிக் வீடு. போர்வெல் போடும் லாரிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றோடு என் வீட்டுக்காரர் போவார், இன்னொன்றோடு என் கொழுந்தன் போவான். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்குத் தெரு ரிக் வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வண்டிகள் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ குழி போட்டுக்கொண்டிருக்கும். அங்கே மழை பிடித்ததும் ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீளமான தகர ஷெட்டில் நின்று ரிப்பேர் பார்த்துக்கொள்ளும். அந்த ஷெட்டின் கிழக்கு மூலையில், டீசல் டிரம்களுக்குப் பின்னால், என் கடைசல் மெஷின் நின்றது. அதைத் தவிர அந்த வளாகத்தில் எனக்கென்று சொல்ல ஓரடி இடம் கிடையாது. சமையலறை இருக்கிறதே என்று சொல்பவர்கள் ஒரு வாரம் வந்து அதில் நின்று பார்க்கட்டும்.

பையனை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்தான் இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற நாமக்கல்லில், பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் என் பிள்ளை இருக்கிறான். அவனை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். சாப்பாட்டு வேலை முடிந்த மத்தியானங்களில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மரக்கட்டையைச் சுழலவிட்டு ஜாடி குடைவதைப் பார்த்தேன். வெளியே உருண்டையாக, வயிறு பெருத்து, மேலே இரண்டு விரல் மட்டும் நுழையும் வாய். அந்த வாய் வழியாகவே உள்ளிருக்கும் மரம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுகிறார். கையில் எடுத்தால் தேங்காய்த் தொட்டி கனம்கூட இல்லை. சேலத்தில் கட்டில் கால் கடையும் பட்டறை ஒன்று புது மெஷினுக்கு மாறுகிறது என்று கேள்விப்பட்டு, பழையதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். இறக்கியபிறகுதான் வீட்டில் சொன்னேன்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முதலில் செய்தது வேம்பு. பச்சைக் கட்டையில் கடைந்து ஜன்னல் ஓரம் வைத்தேன். சித்திரை வெயில் இரண்டு நாளில் அதை வாய் முதல் அடி வரை பிளந்துவிட்டது. அடுத்தது மா. உளி மாட்டிக்கொண்டு ஜாடியின் கழுத்து பிய்ந்து, என் காதோரம் பறந்து தகரத்தில் மோதியது. அதற்கடுத்தது நன்றாகத்தான் வந்தது, ஆனால் ஒரு பக்கச் சுவர் தாள் போலவும் மறுபக்கம் செங்கல் போலவும் இருந்தது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "நல்லா இருக்குதுங்க. இதுல என்னங்க வெக்கறது?" என்றார்.

அந்தக் கேள்வியைப் போல் என்னை எரிச்சல்படுத்தியது வேறொன்றில்லை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். வெற்றிலை வைக்கலாமா, பணம் போடலாமா, வாய் ஏன் இத்தனை சின்னது, கை நுழையாதே, எப்படிக் கழுவுவது. ஒன்றும் வைக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொன்னால், பாவம் இந்தப் பிள்ளைக்கு என்ன குறையோ என்பது போல என்னைப் பார்த்தார்கள். அதே வீடுகளில் ஷோகேஸ் நிறைய பிளாஸ்டிக் பூ இருக்கிறது. அதில் என்ன வைப்பது என்று யாரும் கேட்டதில்லை.

சரி, மாமனார் சொன்ன ஒன்றே ஒன்றுக்கு வருகிறேன். அதற்கு நல்ல மரமாக வேண்டும் என்று தேடி அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மர அறுவை மில் வரை போனேன். அங்கே குவித்துப் போட்டிருந்த விறகுக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு வாகைக் கவட்டை கிடந்தது. ஒரு மரம் இரண்டு கிளையாகப் பிரியும் இடம் அது. எச்சில் தொட்டு வெட்டுவாயில் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்து வரிகளும் நடுவில் வந்து முட்டி, அடுப்பில் தீ எழும்புவது போல மேலே ஏறியிருந்தன. நடுமரம் காப்பிக்கொட்டை நிறம். பட்டையை ஒட்டி வெளேரென்று வெள்ளை மரம்.

மில்காரர் பாய், என்னைவிடக் கட்டையைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

"இது பலகைக்கு ஆகாதும்மா. அறுத்தா முறுக்கிக்கும். செங்கச் சூளைக்குப் போறது. உங்களுக்கு எதுக்கு?"

"ஜாடி செய்யப் போறேனுங்க பாய்."

"ஊறுகா ஜாடியா?"

"இல்லீங்க. சும்மா வெக்கற ஜாடி."

"சும்மா வைக்கிறதுக்கு எதுக்கும்மா ஜாடி?"

காசைக் கொடுத்துக் கட்டையை ஆட்டோவில் ஏற்றினேன். இவரிடமும் அதே கேள்வியா என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

இந்த முறை பொறுமையாகச் செய்தேன். பொறுமை எனக்கு வராது, ஆனால் அந்த மூலைக்காக வரவழைத்தேன். கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்து, அதே மரச் சீவலோடு சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளி, கோடை கழியும் வரை தொடவில்லை. மெதுவாகக் காய்ந்தால் பிளக்காது. அது பிளக்கவில்லை. எடுத்து மறுபடி மெஷினில் மாட்டி வெளிப்பக்கத்தைத் தேய்த்தபோது, அந்தத் தீ முழுசாக வந்து நின்றது. வாய்ப்பக்கம் கறுப்பு, வயிற்றில் தீ, அடிப்பாகம் மட்டும் பால்வெள்ளை. நான் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். பிறகு தும்மினேன். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டாலும் ஏதோ ஒரு சந்தில் புகுந்துவிடும்.

வெளிப்பக்கம் எளிது. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை. உள்ளே குடைவதுதான் ஆளைக் கொல்லும். இரண்டு விரல் வாய்க்குள் உளி போய்விட்டால் அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்டும், கைக்கு வரும் அதிர்வை வைத்தும் ஊகிக்க வேண்டும். சீவல் உள்ளே சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்தி, கம்பியால் கிளறி, கவிழ்த்துக் கொட்டி, மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கும்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. போர் வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் போனில் இருக்கிறார், வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்கிறார். ஷெட்டில் ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரிக்குக் காப்பி வேண்டும். மெஷின் சும்மா நின்ற நேரங்களில் என்னை யாரும் தேடியதே இல்லை. சுவிட்சைப் போட்டால் போதும், உலகத்துக்கே என் ஞாபகம் வந்துவிடும்.

இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பாதி ஆழம்கூடப் போகாத நிலையில், என் வீட்டுக்காரரின் வண்டி ஊருக்கு வந்துவிட்டது. கொழுந்தனின் வண்டியும் கிளம்பப் போகிறது என்று போன் வந்தது. மூலை கையைவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் இரண்டு நாள் தூங்கி எழுந்து ஷெட்டுக்கு வந்தார். இடுப்பில் கைவைத்து நின்று நான் செய்வதைப் பார்த்தார். அவருக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது.

"இந்த உளிய வெச்சுட்டு எப்பத்தான் முடிப்ப? இரு வாரேன்" என்று போனார். திரும்பி வந்தபோது கையில் ஜாக்கியின் பழைய தண்டு ஒன்று இருந்தது, விரல் மொத்தத்தில் நீளமாக. அதன் நுனியில் லேத் பட்டறைக்காரர்கள் இரும்பு செதுக்கப் பயன்படுத்தும் கெட்டியான முனையைப் பற்றவைத்துக்கொண்டு வந்திருந்தார். கனமான கம்பி. ஆளுயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பின்னால் ஒருவர் அக்குளில் இடுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் முன்னால் இருப்பவர் முனையை நகர்த்த முடியும். அவர் பின்னால் நின்றார். நான் முன்னால் நின்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது அருமையாக வெட்டியது. என் உளி ஒரு மணி நேரம் மினுக்கிய வேலையை அது பத்து நிமிஷத்தில் முடித்தது. அதோடு விடவில்லை. டயருக்குக் காற்றடிக்கும் குழாயை இழுத்துவந்து, கம்பியோடு சேர்த்துக் கட்டி, ஜாடிக்குள் காற்று போகும்படி செய்தார். போர் போடும்போது காற்றை உள்ளே அடித்தால் பாறைத் தூள் மேலே வந்துவிடும் அல்லவா, அது மாதிரி. சீவல் தானாகவே வாய் வழியாகப் பொங்கி வெளியே கொட்டியது. நிறுத்த வேண்டியதில்லை, கிளற வேண்டியதில்லை. எனக்கு அவர்மேல் அன்று வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. இரண்டு பேர் முகத்திலும் பழுப்புத் தூள். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தும்மினோம். மேஸ்திரி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அதை வீட்டுக்காரர் கவனித்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாளும் தொடர்ந்தோம். கொழுந்தன் சேலத்தைத் தாண்டிவிட்டதாகக் காலையில் சொன்னான். இன்னும் கொஞ்சம் அடிப்பக்கம் மட்டும்தான் பாக்கி. எவ்வளவு ஆழம் போகலாம் என்று நான் அளந்து, கம்பியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். டேப் ஜாடியின் வாயைத் தொட்டால் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே ஒரு விரல் மொத்தத்துக்கு அடி இருக்கும். அதை அவரிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் அளவை நம்ப மாட்டார்கள். தூளைத்தான் நம்புவார்கள். ஏஜென்ட் இத்தனை அடி என்று எழுதிக் கொடுத்திருப்பார், தோட்டத்துச் சொந்தக்காரர் இதோடு போதும் என்று கெஞ்சுவார். இவர்கள் குழியிலிருந்து வரும் தூளைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். கறுப்புத் தூள் வந்தால் வெறும் பாறை. வெள்ளையாக வந்தால் வெங்கச்சாங்கல், அதாவது அந்த மினுமினுக்கும் வெள்ளைக் கல். அது தட்டுப்பட்டால் பக்கத்திலேயே வெடிப்பு இருக்கும், வெடிப்பில் தண்ணீர் ஓடும். வெள்ளைத் தூளைப் பார்த்த ரிக்காரன் நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. இன்னொரு பைப்பை மாட்டு என்பான்.

டேப் வாயைத் தொட்டது. "போதுமுங்க" என்றேன்.

அதே நேரத்தில் ஜாடியிலிருந்து வந்துகொண்டிருந்த பழுப்புச் சீவல் வெளுத்தது. அடிப்பக்கம் வெள்ளை மரம் என்று முன்பே சொன்னேன். கறுப்பு மரம் முடிந்துவிட்டது, அடிக்கு வந்துவிட்டோம், நிறுத்து என்று அர்த்தம். அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"வெள்ளத்தூள் வருது பாரு அம்மிணி!"

"போதுமுங்க, நிறுத்துங்க!"

"சித்த இரு. இப்பத்தான வந்திருக்குது. இப்ப நிறுத்தறதா?"

என்னால் கையை எடுக்க முடியாது. நான் விட்டால் கம்பி ஆடி ஜாடியைச் சுக்குநூறாக்கிவிடும். சுவிட்ச் எனக்கு எட்டாது. நான் கத்துகிறேன், அவர் தோளைக் கொடுத்து அழுத்துகிறார். வெள்ளைச் சீவல் காற்றில் பூப்போலப் பறக்கிறது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சி. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ குழிகளுக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருப்பார் போல. அதைப் பார்த்த ஒரு கணம், வெட்கமாக இருக்கிறது சொல்ல, நானும் ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து சாப்பாட்டுப் பேச்செல்லாம் அதுதானே.

இரும்பில் இரும்பு மோதும் சத்தம் வந்தது. முனை அடியைத் தாண்டி, ஜாடியைக் கவ்விப் பிடித்திருந்த சக்கின் எஃகைத் தொட்டுவிட்டது. பிடிமானம் நொறுங்கி ஜாடி மெஷினிலிருந்து துள்ளிக் குதித்தது. டீசல் டிரம்மில் மோதி, தரையில் உருண்டு, ரிக் லாரிக்கு அடியில் போய் நின்றது. நான் மண்டியிட்டுத் தவழ்ந்து போய் எடுத்தேன். வாய் முழுசாக இருந்தது. வயிறு முழுசாக இருந்தது. தீ வரி ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. திருப்பிப் பார்த்தேன். அடியில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

லாரிக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. "தூளு அப்படியே வெங்கச்சாங்கல்லு மாதிரியே இருந்துச்சு" என்றார். பிறகு, "ஒரு வில்லை வெட்டி அடைச்சரலாம் உடு" என்றார். அடைக்கலாம்தான். வட்டமாக ஒரு துண்டு கடைந்து, பசை வைத்து, காயவிட்டு, தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று நாளாவது வேண்டும். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் ஏர் ஹாரன் கேட்டது. இரண்டாவது வண்டி வந்துவிட்டது.

தேங்காய் சுற்றி உடைத்து வண்டியை உள்ளே எடுத்தார்கள். கொழுந்தன் குளிக்கக்கூடப் போகவில்லை, கம்ப்ரசரை எங்கே இறக்குவது என்பதுதான் அவனுக்கு முதல் கவலை. மாமனார் ஷெட்டுக்குள் வந்தார். அவர் பின்னால் கொழுந்தன், மேஸ்திரி, வண்டியில் வந்த ஆட்கள். ஜாடியை டூல்ஸ் பெட்டிமேல் நிமிர்த்தி வைத்திருந்தேன். ஏமாற்றுவதற்காக இல்லை. அது அழகாக இருந்தது, அவர் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வயிற்றைத் தடவினார். "வாகைங்களா? வாகைக்குள்ள இப்பிடி ஒரு பூவா? நெம்ப நல்லா வந்திருக்குது சாமி" என்றார். பிறகு கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி வாய்க்குள் பார்த்தார். உள்ளே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பினார்.

"அடி போயிருச்சே. ஆரு கைல போச்சு?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குழி கெட்டுப் போனால், துளைக்கும் முனையான பிட் உள்ளே மாட்டிக்கொண்டால், மாமனார் முதலில் கேட்பது அதைத்தான். நெம்புகோலில் கை வைத்திருந்தவன் அந்த இடத்திலேயே, தான்தான் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு திட்டோடு போய்விடும், வேலையில் மற்றவர்கள்மேல் குறை வராது. சொல்லாதவனை அவர் அடுத்த நடைக்கு வண்டியில் ஏற்றமாட்டார். இந்தச் சட்டத்தை என் வீட்டுக்காரர் நடக்கத் தெரியாத வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். தன் ஆட்களுக்கு அவரே ஒரு நூறு தடவை சொல்லியிருப்பார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் லாரி டயரைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் மருமகள் புருஷன்மேல் பழி போட்டாள் என்று ஆகும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது வார்த்தை. இரண்டு நொடி காத்திருந்தேன். மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரிக் ஓட்டுகிறவர், பெண்டாட்டிக்குப் பின்னால் நின்று கம்பி பிடித்தேன், அதிலும் கெடுத்தேன் என்று கூலி ஆட்கள் முன்னால் எப்படிச் சொல்வார்? வெட்கம். அத்தனை பெரிய மனிதருக்கு அத்தனை சின்ன வெட்கம்.

"செரி, போனாப் போவுது" என்றார் மாமனார். என் முகத்தைப் பார்க்காமல் ஜாடியை என் கையில் கொடுத்தார். "கம்ப்ரசர அங்கயே எறக்குங்கப்பா. மழ கழிஞ்சு பொறவு பாத்துக்கலாம் அம்மிணி."

அன்று ராத்திரியும் எல்லோருக்கும் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். ஓட்டைகூட எனக்கு ஆறிவிட்டது. மரம் உடையும், கை தவறும். இத்தனை வருஷமாக வீட்டுக்காரர் இல்லாத நாட்களில் அவர் வீட்டுக்காக எத்தனை பேருக்கு எத்தனை பதில் சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒரே ஒரு வரி சொல்ல அவருக்கு வாய் வரவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

விடிந்ததும் கிரேன் வந்தது. கம்ப்ரசர் இறக்க வேண்டுமானால் மூலை காலியாக வேண்டும், என் மெஷினைத் தூக்க வேண்டும். ஆபரேட்டர், "இத எங்கீங்க வெக்கறது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். வேலியோரம் குப்பை இரும்பு கிடக்கும் பக்கமாக அவர் கை எழுவதைப் பார்த்தேன்.

"முன்னால போர்டிகோவுல வெய்யுங்க" என்றேன்.

ஆபரேட்டர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அங்க கார் நிக்குதே" என்றார் வீட்டுக்காரர்.

"எடுங்க."

"எடுத்து எங்க உடறது?"

"வெயில்ல."

"சீட்டெல்லாம் காஞ்சு போயிருமே அம்மிணி."

"காயட்டுமுங்க."

புதுக் கார் அது, தினமும் ஒருமுறை துடைப்பார். கூலி ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். முனகிக்கொண்டேதான் எடுத்தார், ஆனால் எடுத்தார்.

மெஷினைச் சலவைக்கல் தரையில் இறக்கிவிட்டுக் கிரேனும் ஆட்களும் ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். நான் ஒயர் இழுத்து, மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் பேப்பர் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனிடம் கேட்டார்.

"ஏண்டா, வண்டிய எதுக்கு வெயில்ல உட்டிருக்கற?"

கார் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். "அந்த ஜாடி அடி போனது என் கைலதானுங்கப்பா. நாந்தான் அழுத்துனேன். அவ போதும் போதும்னுதான் சொன்னா."

மாமனார் பேப்பரை மடித்து அக்குளில் வைத்தார். "இத நேத்தே சொல்றதுக்கு என்னடா?"

நேற்று ஷெட்டில் அத்தனை பேர் இருந்தார்கள். இன்று நாங்கள் மூன்று பேர் மட்டும். அதுதான் வித்தியாசம், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு நெஞ்சு இளகவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. கேட்டது ஒரு வரி, அதையும் ஒரு நாள் தள்ளிக் கொடுக்கிறார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். நியாயஸ்தர் இல்லையா, உடனே தீர்ப்பை மாற்றினார். "கம்ப்ரசர எடுக்கச் சொல்லீரட்டா சாமி? உன்ற மூலைக்கே போயிக்கலாம்."

டீசல் டிரம்களுக்குப் பின்னால் இருக்கும் அந்த இருட்டு மூலையை நினைத்துப் பார்த்தேன். அதற்காகத்தான் ஒரு கோடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க மாமா. எனக்கு இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி மெஷின் சுவிட்சைப் போட்டேன். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தத்தில் கேட்கவில்லை, நானும் நிறுத்திக் கேட்கவில்லை.